பொதுக் குசினியில் படித்த சமையல்

(எமது சங்க மகளிர் பிரிவின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



"அக்கா, சமையலைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கோ" என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் சமையற்கலை படித்தவள் அல்ல. விடியப்புறம் அலுவலகம் துப்புரவாக்கப் போய், பின்னேரம் வந்து அடுப்பு மூட்டின ஒரு தாய். ஆனாலும் ஒரு விஷயம் சொல்ல இருக்கிறது.

1989 இல் நாங்கள் ஜேர்மனிக்கு வந்து ஓர் அகதி விடுதியில் இருந்தோம். ஒரு மாடிக்கு ஒரு குசினி. அடுப்பு நாலு, குடும்பம் ஒன்பது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு மச்சம் இல்லைத்தானே. ஒரு வெள்ளி நான் மைசூர்ப் பருப்பு அவித்துக்கொண்டு நிற்கிறேன், பக்கத்து அடுப்பிலும் அதே பருப்பு கொதிக்கிறது. துருக்கியிலிருந்து வந்த குர்து இனத்து அக்கா ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய மொழி தெரியாது, இரண்டு பேருக்கும் ஜேர்மன் தெரியாது. அவர் என் சட்டியை எட்டிப் பார்த்தார், நான் அவருடையதைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மற்றப் பக்கத்தில் எரித்திரியா நாட்டுப் பெண். அவர்களுடைய பழைய கிறிஸ்தவ முறையில் புதனும் வெள்ளியும் விரதம்: இறைச்சி, பால், முட்டை ஒன்றும் கிடையாது. கடலை மாவில் 'ஷிரோ' என்று ஒரு குழம்பு வைப்பா. அவர்கள் ஊரில் தெஃப் என்ற சின்னத் தானியத்தின் மாவைப் புளிக்க வைத்து, எங்கட தோசை போலப் பெரிதாக ஊற்றுவார்களாம். இங்கே கிடைத்த கோதுமை மாவிலேயே சமாளித்தா. எங்கட ஊரிலும் சண்டை, அவவின் ஊரிலும் சண்டை. விரதம் மட்டும் இரண்டு பேரும் விடவில்லை.

பிறகு தனி வீடு கிடைத்தது. அந்தக் குசினியை நான் மறந்துபோனேன்.

மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, இனி இறைச்சியும் மீனும் தொடமாட்டேன் என்றாள். எனக்குப் புளுகம். சைவப் பிள்ளையாகிவிட்டாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் சோறு கறியும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "நெடுகலும் இதுதானே அம்மா" என்பாள். பாணும் ஜாமும், பொரித்த கிழங்கும், தேத்தண்ணியும். பசித்தால் தானே சாப்பிடுவாள் என்று நான் விட்டுவிட்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் மயங்கி விழுந்துவிட்டாள். இரத்தம் சோதித்த டொக்டர், இரும்புச்சத்து மிகவும் குறைவு என்றார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. எங்கட வீடுகளில் பிள்ளைகள்தானே மொழிபெயர்ப்பாளர்கள். மகளே எனக்குச் சொன்னாள்: "அம்மா, நான் வீட்டில என்ன சாப்பிடுறனான் எண்டு கேக்கிறார்." என்னிடம் பதில் இல்லை.

டொக்டர் மருந்து தந்தார். அன்று பின்னேரம்தான் அந்தக் குர்து அக்காவின் சட்டி நினைவுக்கு வந்தது. மைசூர்ப் பருப்பு 200 கிராம், ஒரு வெங்காயம், ஒரு கரட், ஒரு உருளைக்கிழங்கு, ஒரு மேசைக்கரண்டி தக்காளிக் கூழ், கொஞ்சம் நற்சீரகத் தூள், ஒன்றேகால் லீற்றர் தண்ணீர். 25 நிமிடம் அவித்து, உப்புப் போட்டுக் கடைந்து, பட்டரில் காய்ந்த புதினாவும் மிளகாய்த் தூளும் தாளித்து ஊற்றித் தேசிக்காய் பிழிவது. பாணோடு கொடுத்தேன். இரண்டு கோப்பை குடித்தாள். "இது என்னம்மா?" என்றாள். "இதுதான் நீ வேண்டாம் எண்ட பருப்பு" என்றேன்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது இதுதான். மச்சத்தை விட்டால் மட்டும் சைவச் சாப்பாடு ஆகாது. விட்ட இடத்தில் பருப்பு, கடலை, பயறு வரவேண்டும். சோற்றிலும் கோதுமையிலும் குறைவாக இருக்கிற லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவானது தானியத்தில் உண்டு. இட்டலியில் அரிசியும் உளுந்தும், மெக்சிக்கோவில் சோள ரொட்டியும் அவரை விதையும், லெபனானில் சோறும் பருப்பும். ஏழைச் சனம் எந்த நாட்டிலும் புத்தகம் படிக்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறது.

இன்னும் இரண்டு சாப்பாடு சொல்கிறேன். லெபனான், சிரியா, பலஸ்தீனப் பக்கத்து 'முஜத்தரா': இங்கத்தைய கடைகளில் 'தெல்லர் லின்சன்' என்று விற்கிற தோலோடு கூடிய மண்ணிறப் பருப்பு 200 கிராமை 25 நிமிடம் அவித்து, அதற்குள் 200 கிராம் அரிசியும் அளவான தண்ணீரும் உப்பும் போட்டு வேகவிடுங்கோ. மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, அவசரப்படாமல் மண்ணிறமாகப் பொரித்து மேலே தூவித் தயிரோடு கொடுங்கோ.

இத்தாலியர் செய்கிற கடலைப் பாஸ்தா இன்னும் சுகம். ஒலிவ் எண்ணெயில் உள்ளி வதக்கி, தக்காளிக் கூழ், ஒரு பேணி அவித்த கடலை, ஒரு லீற்றர் தண்ணீர். கொதித்ததும் சின்னப் பாஸ்தா 150 கிராமும் உப்பும் அதற்குள்ளேயே. ஒரே சட்டி, அரை மணித்தியாலம்.

சில கவனங்களும் உண்டு. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுங்கோ. தேசிக்காய், தக்காளி அதைச் சேர்க்க உதவும். காய்ந்த சிவப்புக் கிட்னி அவரையை இராமுழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு வேகவையுங்கோ. அரைகுறையாக அவிந்தால் வாந்தி எடுக்கும். பீ 12 என்ற விற்றமின் மரக்கறியில் இல்லை. பால், தயிர், முட்டை ஒன்றும் தொடாத பிள்ளைக்கு அது மருந்தாகக் கொடுக்கவே வேண்டும். விரதக்காரருக்கு ஒன்று: இத்தாலியப் பார்மிசான் சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையால் செய்வது. பெட்டியை வாசித்து வாங்குங்கோ.

எங்கட சோறு கறியை விடச் சொல்லி நான் சொல்லவில்லை. கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்காயும் இல்லாமல் எனக்கே நாள் போகாது. என் மகள் இப்போது தனி வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமையில் அவளும் மச்சம் சமைப்பதில்லை. சில வெள்ளி பருப்புச் சூப், சில வெள்ளி பாஸ்தா. போன மாதம் தொலைபேசி எடுத்து, "அம்மா, புளிக்குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கிறது?" என்று கேட்டாள்.

அந்த இரண்டு பெண்களும் இப்போது எங்கே இருக்கிறார்களோ தெரியாது. அவர்களுக்கும் நன்றி சொல்லி, உங்கள் எல்லோருடைய அடுப்பும் இந்தப் புத்தாண்டில் குறைவில்லாமல் எரிய வாழ்த்தி விடைபெறுகிறேன்.