ஆறு கிகாஹெர்ட்ஸ் வேகம்: வரமா, சுமையா?



விலை உயர்ந்த கணினிச் செயலியை வாங்குவது பயனா, வீணா என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. நான் பொறியாளர் அல்லள். மக்கள் தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைப்பவள். ஆனால் நாங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஏதோ ஒரு கணினியில் வெட்டி ஒட்டப்பட்ட பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்தக் கணினி வேகமாக இயங்கினால் தொகுப்பாளர் நேரத்தோடு வீடு திரும்புவார். மெதுவாக இயங்கினால் விடியும்வரை அதன் முன்னே காத்துக் கிடப்பார். ஆகவே வேகத்தின் அருமை எனக்குத் தெரியும்.

பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஒரே ஒரு செயலியை எடுத்துத் தராசில் வைப்போம். இன்டெல் நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்ட கோர் ஐ9-14900கே என்ற செயலி அது. வெளிவந்தபோது அதன் பரிந்துரை விலை 589 அமெரிக்க டாலர். அதற்குப் பின் புதிய செயலிகள் வந்துவிட்டன. ஆனாலும் இது நம் வீடுகளிலும் பழைய பொருள் சந்தையிலும் புழங்கும் செயலி. இதன் கதையில் வாங்குவோருக்கு ஒரு பாடமும் இருக்கிறது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். இதன் உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு வினாடிக்கு 600 கோடி துடிப்புகள். உள்ளே 24 கருக்கள் உள்ளன. கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். எட்டுப் பேர் கைதேர்ந்த தலைமைச் சமையல்காரர்கள், பதினாறு பேர் உதவியாளர்கள். இதிலும் அப்படித்தான். 8 கருக்கள் கடினமான வேலைக்கு, 16 கருக்கள் குறைந்த மின்சாரத்தில் மற்ற வேலைகளுக்கு. ஒரு மணி நேரக் காணொளியைத் தொகுத்து முடித்துக் கோப்பாக மாற்றும்போது இந்த 24 பேரும் சேர்ந்து உழைப்பார்கள். இன்றைய கேமராக்கள் சுருக்கிப் பதியும் காட்சிகளை விரைவாக விரித்துத் தரும் தனிப் பகுதியும் இந்தச் செயலிக்குள்ளேயே இருக்கிறது. காணொளித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

இன்னொரு நன்மையும் உண்டு. 2021ஆம் ஆண்டு வந்த 12ஆம் தலைமுறைச் செயலிக்காக வாங்கிய தாய்ப்பலகையிலேயே, அதன் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, இதைப் பொருத்தலாம். பழைய டிடிஆர்4 நினைவகத்தையும் சில பலகைகளில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். செலவு மிச்சம்.

இனிக் குறைகளுக்கு வருவோம். யானையை வாங்குவது வேறு, கட்டித் தீனி போடுவது வேறு. இந்தச் செயலி முழு வேகத்தில் ஓடும்போது இன்டெல் வகுத்த உச்ச அளவு 253 வாட். 10 வாட் எல்இடி விளக்குகள் இருபத்தைந்தை ஒரே நேரத்தில் எரிய விடுவதற்கு இது சமம். அத்தனை மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 100 டிகிரியை எட்டினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நம் நாட்டில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குளிர்விப்பான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அறையின் வெப்பத்துக்கு மேலேதான் அதன் கணக்கு தொடங்கும். 20 டிகிரி அறையில் ஒருவர் சோதித்துப் பார்த்துப் பாராட்டிய அதே செயலி, 30 டிகிரியில் இருக்கும் நம் வீட்டு அறையில் ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும். அதைத் தணிக்க நீர்க் குளிர்விப்பான் வேண்டும், வலுவான மின்வழங்கி வேண்டும், அறைக்குக் குளிரூட்டியும் வேண்டும். விலைச் சீட்டில் இவை எதுவும் சேர்ந்திராது.

இவ்வளவு செலவுக்கும் கிடைத்த கூடுதல் வேகம் எவ்வளவு? இதற்கு ஓராண்டுக்கு முன் வந்த 13900கே செயலியிலும் இதே 24 கருக்கள்தாம். அதன் உச்ச வேகம் 5.8 கிகாஹெர்ட்ஸ், இதன் வேகம் 6. வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரை பங்குகூட இல்லை. அந்தச் சிறு உயர்வுக்கு மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்னழுத்தம் 10 விழுக்காடு கூடினால், அதனால் மட்டுமே மின்செலவு 21 விழுக்காடு கூடும். மலை உச்சியின் கடைசிப் பத்து அடி ஏறத்தான் மூச்சு அதிகம் வாங்கும் என்பதைப் போன்றது இது.

இங்கேதான் நான் சொன்ன பாடம் வருகிறது. இந்தத் தலைமுறைச் செயலிகளும் இதற்கு முந்திய 13ஆம் தலைமுறைச் செயலிகளும் விளையாட்டின் நடுவிலும் வேலையின் நடுவிலும் நின்றுபோவதாகப் பயனீட்டாளர்கள் புகார் செய்தார்கள். பல தாய்ப்பலகைகள் மின்சார வரம்பைத் தளர்த்தி வைத்து விற்பனைக்கு வந்திருந்தன. முதலில் சந்தேகம் அவற்றின் மேல் விழுந்தது. 2024 ஜூலையில் இன்டெல் நிறுவனமே காரணத்தைச் சொன்னது. செயலிக்குள் இருக்கும் நுண்நிரல் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. உத்தரவாதக் காலமும் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதடைந்த செயலியை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது என் நோக்கமன்று. 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி வகைச் செயலிகள் சில தாய்ப்பலகைகளில் கருகியபோதும் அளவு மீறிய மின்னழுத்தமே பேசப்பட்டது. அந்நிறுவனம் ஒரு பகுதியின் மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியது. பெயர் எதுவாக இருந்தாலும், வேகத்தின் விளிம்பில் ஓடுகிற பொருளுக்குத் தாங்கும் இடைவெளி குறைவு.

அப்படியானால் யார் வாங்கலாம்? காணொளி, முப்பரிமாண அசைவுப்படம், பெரிய மென்பொருள் தொகுப்பு என்று நேரம் பணமாகும் தொழில் செய்பவர்கள் வாங்கலாம். அவர்களுக்கு 24 கருக்களும் சம்பாதித்துக் கொடுக்கும். மற்றவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு வேலையில் பாதி, ஒருவர் மட்டுமே செய்யக்கூடியது என்றால், மறுபாதிக்கு 24 பேரை வைத்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தொடாது. காய் நறுக்க நூறு பேர் வந்தாலும் சோறு வேகும் நேரம் குறைவதில்லையே! கட்டுரை எழுதுவது, இணையத்தில் தேடுவது, பாடம் கேட்பது எல்லாம் பெரும்பாலும் சோறு வேகும் வேலைகள்தாம்.

விளையாட்டுக்காகக் கேட்கும் பிள்ளைகளுக்கும் பதில் உண்டு. 2023 ஏப்ரலில் 449 டாலருக்கு வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலியில் 8 கருக்கள்தாம். உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் அதன் 96 மெகாபைட் இடைநினைவகத்தால் பல விளையாட்டுகளில் அது 14900கேயோடு தோளுக்குத் தோள் நின்றது, சிலவற்றில் முந்தியது. மின்சாரமோ மிகக் குறைவு.

இன்டெல்லின் முதல் வெளிநாட்டு ஆலை 1972இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பெருமைக்காக யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

பெற்றோர்களே, படிவம் ஐந்து முடித்த பிள்ளை மேற்படிப்புக்காகக் கணினி கேட்கும்போது, பல குடும்பங்கள் தவணை முறையில்தான் வாங்குகின்றன. கடையில் முதலில் நீட்டப்படுவது பெரிய எண். பிள்ளையிடம், "நீ அன்றாடம் செய்யப்போகும் வேலை எது?" என்று கேளுங்கள். அந்தப் படிப்பு அசைவுப்படமோ கட்டடக் கலையோ என்றால் தாராளமாகச் செலவிடுங்கள். இல்லையென்றால் நடுத்தரச் செயலியை வாங்கி, மிச்சப் பணத்தை நினைவகத்துக்கும், நல்ல திரைக்கும், கோப்புகளைப் பாதுகாக்கும் இன்னொரு வட்டுக்கும் போடுங்கள்.

பழைய 14900கே ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உத்தரவாதம் எத்தனை மாதம் மீதமிருக்கிறது, அது உங்கள் பெயரில் செல்லுமா, திருத்தம் செய்வதற்கு முன் அது எவ்வளவு காலம் ஓடியது என்று விசாரியுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இந்த வாரமே பயோஸைப் புதுப்பித்து, இன்டெல் பரிந்துரைத்த வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். வேகம் சற்றுக் குறையலாம். ஆனால் ஒப்படைப்புக்கு முதல் நாள் இரவு ஆய்வேட்டோடு கணினி நின்றுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

என் தீர்ப்பு இதுதான். 14900கே ஆற்றல் மிக்க செயலி, அதில் ஐயமில்லை. ஆனால் கடைசி மூன்று விழுக்காட்டு வேகத்துக்காக நாம் மின்சாரத்தையும் வெப்பத்தையும் பொருளின் ஆயுளையும் விலையாகக் கொடுக்கிறோம். அந்த வேகத்தால் வருமானம் பெறுகிறவர் கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு, இன்று ஓடியது போலவே நாளையும் ஓடும் கணினியே உயர்ந்த கணினி.