பிள்ளையின் பெயரால் நூல்கள்



பெற்ற பிள்ளையை இழத்தல் துயரங்களுள் கொடியது. அத்தகைய பெற்றோர்க்கு ஆறுதல் கூறவல்ல சொல் எம்மொழியிலும் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, தம் பிள்ளையின் பெயரை ஊரார் மறந்துவிடுவரோ என்னும் அச்சமும் அவர்களை வாட்டும். அதனாலன்றோ கல்லறையில் பெயர் பொறிக்கின்றோம். நினைவு நாளில் அன்னதானம் செய்கின்றோம். இவை யாவும் போற்றத்தக்கவையே. இவற்றோடு, பள்ளிக்கூடத்திற்கு நூல்கள் வழங்குவதையும் ஒரு நல்வழியாகக் கொள்ளலாம் என்பதே நாம் இன்று கூற விழைவது.

இது புதிய வழக்கமன்று. அமெரிக்க நாட்டிலே, கலிபோர்னியாவின் ஆளுநராக விளங்கிய லீலண்டு ஸ்டான்போர்டு என்னும் செல்வர்க்கு ஒரே மகன் இருந்தான். அவன் 1884ஆம் ஆண்டில், இத்தாலியின் புளோரன்சு நகரில், நச்சுக் காய்ச்சலால் மாண்டான். அப்பொழுது அவனுக்கு வயது 15. அவன் நினைவாகப் பெற்றோர் நிறுவிய பல்கலைக்கழகம் 1891இல் திறக்கப்பட்டு, இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பிறர் பிள்ளைகள் கற்கும் இடத்தில் தம் பிள்ளையின் பெயர் வாழட்டும் என்று அப்பெற்றோர் கருதினர்.

"அவர்கள் கோடீசுவரர்கள், கூலி வேலை செய்யும் நம்மால் என்ன இயலும்?" என்று நீங்கள் வினவலாம். இதற்குரிய விடை நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரின் வரலாற்றிலேயே உள்ளது.

சிங்கப்பூரின் தேசிய நூலகத்திற்கு வித்திட்டவர் லீ கோங் சியான் என்னும் ரப்பர் வணிகப் பெருமகனார். 1953ஆம் ஆண்டில் அவர் 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். நூலகம் எல்லார்க்கும் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும். மக்களின் தாய்மொழி நூல்களும் அங்கே இடம்பெறல் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். 1960ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அந்நூலகம் திறந்து வைக்கப்பட்டது. அப்பழைய கட்டடம் பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது. எனினும், 2005இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்திலுள்ள மேற்கோள் நூலகம் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது. அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி ரப்பர் தொழிலால் வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். விடியலில் எழுந்து பால் வெட்டியோரின் உழைப்பிற்கும் அந்நூலகத்தில் பங்குண்டு என்று கூறுவது மிகையாகாது.

இன்னொரு வரலாறு இதனினும் நமக்கு நெருக்கமானது. 1956ஆம் ஆண்டில், அப்பொழுது சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கப்பெற்றது. அங்கே தமிழ் உரிய இடத்தைப் பெறுதல் வேண்டும், தமிழ் நூல்கள் குவிதல் வேண்டும் என்று, 'தமிழ் முரசு' இதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி என்பதே அந்நிதியின் அழைப்பு. உழைப்பாளிகள் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். தம் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பர் என்னும் உறுதி அவர்களுக்கு இருந்ததா? இல்லை. இருந்தும் கொடுத்தனர். ஆதலின், நூற்கொடை செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் நமக்கு வேண்டா.

பெயர் எவ்வாறு வாழ்கின்றது என்பதற்கும் ஒரு சான்று காண்போம். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946இல் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. மாணவர் தொகை குறைந்தமையால் 1982இல் மூடப்பட்டது. ஆயினும், அப்பெயரை அழியவிடாது, உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் எனச் சூட்டினர். சிராங்கூன் சாலையை அடுத்து இன்று அந்நிலையம் உள்ளது. பள்ளி மறைந்தும் பெயர் நிலைத்தது. பிள்ளைகளின் நாவில் அது நாள்தோறும் பழகுவதே காரணம்.

இனி, செயல்முறைக்கு வருவோம். நூல் வழங்க விரும்புவோர் முதற்கண் தலைமையாசிரியரைக் கண்டு, எவ்வகுப்பிற்கு எத்தகைய நூல் தேவையென்று கேட்டறிதல் வேண்டும். கேளாமல் வாங்கிய நூல்கள் பல, பிள்ளைகளுக்குப் புரியாத நடையில் அமைந்து, பூட்டிய அலமாரியிலேயே கிடக்கும். சிறிய வகுப்பினர்க்குப் பெரிய எழுத்தும் படமும் உடைய கதைநூல்கள் ஏற்றவை. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பாடங்கள் ஆங்கிலத்திலும் தமிழ் ஒரு பாடமாகவும் கற்பிக்கப்படுகின்றன. ஆதலின் எளிய, சுவையான தமிழ்நூல் அங்கே பெரிதும் வேண்டப்படுகின்றது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அஃது அவ்வாறே. பத்து நூல்கள் போதும். ஆண்டுதோறும் பிள்ளையின் பிறந்தநாளில் ஒன்றிரண்டு சேர்த்து வரலாம். முதற்பக்கத்தில் ஒரு சிறு தாள் ஒட்டி, பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதினால் அதுவே நிறைவு.

மாண்ட பிள்ளையின் பெயர் பள்ளியில் இருத்தல் ஆகாது என்று அஞ்சும் பெரியோரும் உளர். அவர்தம் மனத்தைப் புண்படுத்துதல் கூடாது. கற்கும் பிள்ளை மகிழ்ந்து ஏந்தும் நூலில் எழுதிய பெயர் தீங்கு செய்யாது என்று கனிவுடன் எடுத்துரைக்கலாம். அவ்வாறே, தன் பிள்ளை படித்த நூலைக் கைவிட இயலாத தாயை எவரும் வற்புறுத்தலாகாது. அதனை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். பள்ளிக்குப் புதிய நூல் ஒன்று வாங்கிக் கொடுத்தாலே சாலும்.

இறுதியாக ஒன்று. வழங்கிய நூல் ஓராண்டில் அழுக்கேறிக் கிழிந்திருக்கக் கண்டால் வருந்தாதீர்கள். கல்லில் பொறித்த பெயர் தேய்ந்தால் இழப்பு. நூலின் தாள் தேய்ந்திருந்தாலோ, பல பிள்ளைகள் அதனைப் படித்தனர் என்பது பொருள். அந்நூலை மீண்டும் வாங்கி, அதே பெயரை எழுதி, அதே அடுக்கில் வையுங்கள். பெற்றோர் சங்கங்களும் தோட்டத்து இளைஞர் மன்றங்களும் இதற்குத் துணை நிற்குமாயின், துயருற்ற பெற்றோர்க்கு அதனினும் நல்ல ஆறுதல் அரிது.