கணிப்பொறியில் இறைவார்த்தை

(யூபிலி விழாவின் விவிலிய மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கணிப்பொறியைப் பற்றிப் பேசச் சாமியாருக்கு என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். எனக்குத் தெரிந்தது கொஞ்சந்தான். அதையும் நம் பங்கின் சிறுவன் ஒருவனிடமிருந்தே கற்றுக்கொண்டேன். அந்த நிகழ்ச்சியையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற தவக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பாட்டி படுக்கையில் கிடந்தார். நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றிருந்தேன். பாட்டி தம் பேரனிடம், "ஐம்பதாம் சங்கீதம் வாசிப்பா" என்றார். பையன் கைப்பேசியைத் திறந்து ஐம்பதாம் திருப்பாடலை வாசித்தான். காளைகளும் வெள்ளாட்டுக் கடாக்களும் எனக்கு வேண்டாம் என்று ஆண்டவர் தம் மக்களைக் கண்டிக்கும் பாடல் அது. பாட்டி தலையை ஆட்டி, "இது இல்லை" என்றார். பையன் மறுபடியும் எண்ணைக் காட்டினான். நானும் பாட்டிக்கு நினைவு தடுமாறுகிறது என்றே எண்ணினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், வீட்டு வாசலைத் தாண்டியபிறகுதான் எனக்கு உறைத்தது. பாட்டி கேட்டது தாவீது அரசர் மனம் வருந்திப் பாடிய இரக்கப் பாடலை. இன்று நமக்கு அது 51. பழைய செபப் புத்தகங்களில், இலத்தீன் வழக்கப்படி, அது 50. திரும்பிப் போய் வாசித்தேன். பாட்டியின் உதடுகளும் கூடவே அசைந்தன.

இரண்டு வாரத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியில் முதல் வாசகம் சாலமோனின் ஞானம் மூன்றாம் அதிகாரம். பேரன் வாசித்துப் பழகக் கைப்பேசியில் தேடினான். அந்தச் செயலியில் அந்நூலே இல்லை! அறுபத்தாறு நூல்கள் மட்டுமே இருந்தன. நம் எழுபத்து மூன்றில் ஏழு எங்கே போயிற்று என்று பையன் என்னிடம் வந்து நின்றான். அவனும் நானும் சேர்ந்து தேடத் தொடங்கினோம்.

அமெரிக்காவில் கிராஸ்வயர் விவிலியச் சங்கம் என்று ஒன்று உண்டு. ட்ராய் கிரிஃபிட்ஸ் என்பவர் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அவர்கள் செய்துவரும் வேலைக்கு 'ஸ்வோர்ட்' திட்டம் என்று பெயர். வாள் என்று பொருள். பெயர்க் காரணத்தை, எபிரேயர் திருமுகம் வாசித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தன்னார்வலர்கள் எழுதிய விவிலிய மென்பொருள் அது. விலையில்லை என்பது மட்டுமல்ல. அதன் மூல நிரலையே யாவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்திக் கொடுப்பவர் தம் திருத்தத்தையும் அவ்வாறே திறந்து வைக்கவேண்டும் என்பது நிபந்தனை.

அதன் அமைப்பு எளியது. வாசிக்க உதவும் இயந்திரம் வேறு, வாசிக்கப்படும் நூல் வேறு. புனித எரோணிமூஸின் இலத்தீன் மொழிபெயர்ப்பு ஒரு பொதி. ஆங்கிலக் கத்தோலிக்கரின் பழைய தூயே-ரெய்ம்ஸ் இன்னொரு பொதி. எந்த வசனம் எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்று ஓர் அட்டவணை; தலைப்பு, மொழி, உரிமம் முதலியவற்றைச் சொல்லும் ஒரு சிறு கோப்பு. அவ்வளவுதான். ஆகவே ஒரே பொதியை மேசைக் கணிப்பொறியில் சைஃபோஸ், பைபிள்டைம் என்ற செயலிகளும், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஆண்ட்பைபிள் என்ற செயலியும் வாசிக்கும். இரண்டு கோப்புறைகளை நகலெடுத்தால் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நூல் போய்ச் சேரும், இணையமே வேண்டாம்.

இது வசதிக்காக மட்டும் என்று எண்ணவேண்டாம். நூல்களை இணையம் வழியாகப் பெறும் பகுதியைத் திறந்தால், முதலில் ஓர் எச்சரிக்கை வருகிறது: கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் நாட்டில் நீங்கள் வாழ்ந்தால், கண்டுபிடிக்கப்படும் ஆபத்தை விரும்பாவிட்டால், இவ்வழியைப் பயன்படுத்தாதீர்கள் என்று. அதை வாசித்தபோது சற்று நேரம் பேசாமல் இருந்தேன். நாம் ஞாயிறுதோறும் மணியடித்துக் கூடுகிறோம்.

ஏழு நூல்களின் கதைக்கு வருகிறேன். தொடக்கத்தில் இந்த மென்பொருளும் ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பின் எண் முறையையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. அந்த அட்டவணையில் தோபித்துக்கும் மக்கபேயருக்கும் இடம் இல்லை. இடமில்லாதது வெறுப்பினால் அல்ல, செய்தவர்களின் கையில் இருந்த விவிலியம் அப்படி. பின்னர் இலத்தீன் முறை, கத்தோலிக்க முறை, கிரேக்க எழுபதின்மர் முறை என்று பல எண் முறைகளைச் சேர்த்தார்கள். மூல நிரல் திறந்திருந்ததனால், குறை கண்டவர் யாவரும் உள்ளே புகுந்து வேலை செய்ய முடிந்தது. இப்போது நம் பையனின் கைப்பேசியில் தூயே-ரெய்ம்ஸ் இருக்கிறது. அதில் இரக்கப் பாடல் 50-தான்! பாட்டி இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

இனி ஒரு சங்கடமான விஷயம். அந்த உற்சாகத்தில் நம் இளைஞர்கள் திருவிவிலியம் முழுவதையும் இப்படிப் பொதியாக்கிப் பங்கெங்கும் பரப்பப் புறப்பட்டார்கள். நான் தடுத்தேன். "ஃபாதர், இறைவார்த்தைக்கும் பட்டாவா?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி, அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை.

1995-இல் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது நான் குருமட மாணவன். கத்தோலிக்கரும் பிற சபையாரும் ஒன்றாக உழைத்த நூல் அது. இறைவார்த்தைக்கு விலையில்லை, ஆனால் அதைத் தமிழாக்கிய உழைப்புக்கும், ஓர் எழுத்தும் பிசகாமல் காக்கும் பொறுப்புக்கும் உரியவர்கள் உண்டு. தட்டச்சில் ஒரு 'இல்லை' விடுபட்டால் நூறு கைப்பேசிகளில் கட்டளையே மாறிப்போகும். திறந்த மூலக்காரர்களும் ஒவ்வொரு பொதியிலும் உரிமத்தை எழுதியே வைக்கிறார்கள். பழைய நூல்கள் காலம் கடந்து பொதுவுடைமையாயின. புதியவற்றுக்கு அனுமதி கேட்கிறார்கள். என்றாலும், விசுவாசிகளுக்கு விவிலியத்தை அடையும் வழி தாராளமாகத் திறந்திருக்கவேண்டும் என்று வத்திக்கான் சங்கம் 1965-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே அந்த இளைஞன் பக்கமும் நியாயம் உண்டு. தடுத்ததோடு நான் நின்றுவிட்டால் அது மேய்ப்பனின் வேலை ஆகாது.

எனவே, இளைஞர் குழுவின் பெயரால் உரிமையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அந்த இளைஞனே எழுதினான்; நான் ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினேன். பதில் எதுவானாலும் திருப்பலி முடிவில் அறிவிப்பேன். அதுவரை, தூயே-ரெய்ம்ஸ் வேண்டுவோர் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மன்றத்துக்குக் கைப்பேசியோடு வாருங்கள். இணைய வசதியில்லாதவர்கள் ஒரு மெமரி கார்டு கொண்டுவந்தால் போதும். ஆங்கிலம் வாசிக்க வராத பெரியவர்கள், எந்தப் பழைய எண் இன்று எந்த எண் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், பாட்டியின் பேரன் எழுதிய அட்டை ஒன்று வாசக மேடையருகே ஒட்டப்பட்டுள்ளது.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!