நகருக்கு வெளியே இருந்தவர்

(நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



யோனாவின் கதையை நாங்கள் முதன்முதலில் கேட்டது இந்த மண்டபத்தில்தான். அன்று மனதில் நின்றது மீன் மட்டுமே. (திமிங்கிலமாகப் படம் வரைந்தோம், வேதாகமம் பெரிய மீன் என்றுதான் சொல்கிறது.) நாற்பது வயதைத் தாண்டி அந்த நான்கு அதிகாரங்களையும் திரும்ப வாசித்தபோதுதான், மீனுக்குப் பிறகு நடப்பதே கதை என்று விளங்கியது.

நினிவே, இஸ்ரவேலர் அஞ்சி வெறுத்த அசீரியரின் பெருநகர். அந்த நகருக்கு இன்னும் 40 நாளில் அழிவு என்று அறிவிக்க யோனா அனுப்பப்பட்டார். எபிரேய மொழியில் அவருடைய பிரசங்கம் ஐந்தே சொற்கள். மனந்திரும்பினால் தப்பலாம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அரசன் இரட்டுடுத்தி சாம்பலில் உட்கார்ந்தான், ஆடுமாடுகளுக்குக்கூட உபவாசம். ஆண்டவர் தீர்ப்பை நிறுத்தினார். யோனாவுக்குக் கோபம் வந்தது.

வைத்தியர்களாகிய எங்களுக்கு இந்தக் கோபம் தெரியாததல்ல. சலரோகக் காற்புண்ணோடு கிளினிக்குக்கு வந்த ஐயா ஒருவரிடம், இப்படியே விட்டால் கால் போகும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னோம். அவர் பேசாமல் எழும்பிப் போனார். சில மாதங்களின் பின் புண் ஆறி நடந்து வந்து, "டொக்டர் பிள்ளை, நீங்கள் சொன்னது நடக்கேல்லைப் பாத்தியளோ" என்று சிரித்தார். சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னே ஒரு கணம் ஏதோ சுருக்கென்று குத்தியது. பொய்க்க வேண்டும் என்றுதானே அதைச் சொன்னோம்! தான் சொன்னது பலிக்க வேண்டும் என்று விரும்பும் வைத்தியரிடம் யார் போவார்கள்?

எச்சரிக்கை வெறும் வெருட்டல் அல்ல. எரேமியாவின் சொல்லை எருசலேம் கேட்கவில்லை, நகர் வீழ்ந்தது. ஆனால் எரேமியா மகிழவில்லை, அழுதார். சொன்னது பலித்தவர் அழுதார், பலிக்காதவர் கோபித்தார்.

யோனா நகருக்குக் கிழக்கே குடிசை போட்டு, என்ன நடக்கும் என்று பார்த்திருந்தார். ஆண்டவர் அங்கேயும் போனார். வாடிய ஓர் ஆமணக்குச் செடியைக் காட்டி, வலக்கை இடக்கை தெரியாத 1,20,000 பேரையும் மிருகங்களையும் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. நினிவே தேவனோடு ஒப்புரவான பிறகும், ஒப்புரவாகாமல் வெளியே இருந்தவர் அந்தத் தீர்க்கதரிசி ஒருவரே.

இந்த உரையை ஆயத்தம் செய்தபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். விடுதியில் நடந்த ஒன்றுக்காக அவளை ஒதுக்கினோம். இப்படியே இருந்தால் உன்னோடு ஒருவரும் கதைக்க மாட்டார்கள் என்று எச்சரித்தவர்களும் நாங்களே. பிறகு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினாள். கடிதத்தைச் சுற்றிவிட்டு எல்லாரும் வாசித்தோம், பதில் எழுதவில்லை. அவள் மாறியதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. நேற்று அழைப்பிதழ்ப் பட்டியலைத் தேடிப் பார்த்தோம். அவள் பெயர் இல்லை. பட்டியல் தயாரித்ததும் எங்கள் வகுப்புத்தான்.

தொலைபேசி இலக்கம் கிடைத்திருக்கிறது. அவள் இருக்கும் ஊரில் இப்போது நள்ளிரவு. விடியும்வரை நாங்கள் சிலர் இங்கேயே இருப்போம்.