சுவரின் உப்பலும் வயிற்றின் பாலிப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சிவில் படித்தவன் இரைப்பையைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். போன வருஷம் நெஞ்செரிச்சலுக்காக எண்டாஸ்கோபி செய்துகொண்டேன். "உள்ளே மூணு சின்ன பாலிப் இருக்கு, பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கேன்" என்றார் டாக்டர். இரைப்பையின் உட்சவ்வில் மொட்டுப்போல் எழும் சிறு சதை வளர்ச்சிதான் பாலிப். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. புற்றுநோய் என்ற சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் நினைத்தது அதைத்தான்.

பயம் தெளிய, புள்ளிவிவரம் தேடினேன். பிரேசிலில் சுமார் 26,000 எண்டாஸ்கோபிகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான கட்டுரையில், பாலிப் இருந்தவர்கள் 0.6 சதவீதம். அமெரிக்காவில் 1,20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான கட்டுரையில் சுமார் 6 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்! இரண்டுமே பரிசோதனைக்கு வந்தவர்களின் கணக்கு என்பதையும் மறக்கக்கூடாது. பெரும்பாலான பாலிப்கள் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. வேறு எதற்கோ பார்க்கும்போதுதான் கண்ணில் படுகின்றன.

வகையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிரேசிலில் பத்தில் ஏழு, 'ஹைப்பர்பிளாஸ்டிக்' வகை. நாள்பட்ட இரைப்பை அழற்சியோடு சேர்ந்து வருவது இது. அழற்சிக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்துக் காட்டி, 2005-ல் நோபல் பரிசு பெற்றார்களே, அந்தக் கிருமிதான். அமெரிக்காவிலோ நான்கில் மூன்றுக்கும் மேல் 'ஃபண்டிக் சுரப்பி' வகை. இது கிருமி இல்லாத வயிற்றில்தான் அதிகம். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரைகளை வருஷக்கணக்கில் சாப்பிடுவோரிடம் கூடுதல். புற்றாக மாறும் வாய்ப்பு அதிகமுள்ள 'அடினோமா' அங்கே 1 சதவீதத்துக்கும் குறைவு. பிரேசிலில் சுமார் 12 சதவீதம்.

நம்ம தொழிலில், சுவர்ப் பூச்சு உப்பினால் கொத்தியெடுத்துப் பூசிவிட்டு வந்துவிடுவோமா? குழாய்க் கசிவா, தரையிலிருந்து ஏறும் ஈரமா என்று முதலில் பார்ப்போம். வயிற்றிலும் அப்படித்தான். கிருமியை மருந்தால் ஒழித்ததும் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்கள் பல சமயம் தாமே சுருங்கிவிடுகின்றன. அடினோமா என்றால் அகற்றியே ஆகவேண்டும். எது எந்த வகை என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் பயாப்ஸி.

எனக்கு வந்தது ஃபண்டிக் சுரப்பி வகை. டாக்டர் கேட்டார்: "பான்டோப்ரசோல் எத்தனை வருஷமா போடறீங்க?"

"ஆறு வருஷம் சார்."

"யார் எழுதிக் கொடுத்தது?"

தலை குனிந்தேன். முதல் பதினைந்து நாளுக்கு ஒரு டாக்டர் எழுதினார்; மீதி ஆறு வருஷத்தை நானே மருந்துக்கடையில் எழுதிக்கொண்டேன்! சைட்டில் நேரங்கெட்ட சாப்பாடு, நாளைக்கு எட்டு டீ, காலையில் ஒரு மாத்திரை. கசிவை விட்டுவிட்டுப் பூச்சு பூசிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருக்கிறேன்.

விடுதித் தம்பி தங்கைகளே, உங்கள் அலமாரியிலும் அந்த அட்டை இருக்கும். டாக்டர் காரணத்தோடு கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். காரணமே தெரியாமல் தொடரவும் செய்யாதீர்கள். எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, மலம் கறுத்துப் போனாலோ மருந்துக்கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

எந்தக் கோளாறுக்கும் காரணத்தைத் தேடு என்று இந்தக் கல்லூரிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதை என் உடம்பில் பார்க்கத்தான் தாமதித்துவிட்டேன்.