கேத்தனூர்க் காட்டில் கேட்ட கேள்வி



பல்லடத்துக்குத் தெற்கே கேத்தனூர்ப் பக்கம் பிறந்தவன் நான். கோவையில் ஒரு கல்லூரியில் மின்பொறியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். ஓர் ஆனி மாதம் மூன்றாம் ஆண்டு மாணவர்களை எங்கள் ஊர்க் காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உச்சத்தில் இருந்தது. வேலிக் கிளுவை முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பட்டியில் ஆடுகள் காற்றுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தன. ஆனால் எங்கள் தலைக்கு மேலே மின்சாரம் எடுக்கும் காற்றாலைக் காத்தாடி அசையாமல் நின்றது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங் வாத்தியாரே, இந்தக் காத்துல காத்தாடிய ஏனுங் நிறுத்தி வெச்சிருக்காங்க?"

கோபுரத்திலிருந்து இறங்கி வந்த டெக்னீஷியன், கையில் கியர் ஆயில் கறையைத் துடைத்தபடியே சொன்னார்: "பேக்டவுன் வந்திருக்குங்க அய்யா. லைன்ல வாங்க மாட்டேங்கறாங்க."

என் மாணவர்கள் எல்லாரும் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்று கரும்பலகையில் நிரூபிப்பார்கள். காற்றிலிருந்து 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காத்தாடியும் உறிஞ்ச முடியாது என்ற பெட்ஸ் விதியும் தெரியும். அன்றைக்கு அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதிப் பாதியை இன்றைக்கு டென்மார்க்கில் வாழும் தமிழர்களான உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம் அந்தக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று விரியும். 1990களில் அங்கே 225, 250 கிலோவாட் காத்தாடிகள் நடப்பட்டபோது பலவற்றில் வெஸ்டாஸ், மைக்கான் என்று நீங்கள் வாழும் இந்த நாட்டின் பெயர்கள் இருந்தன. வாங்கியவர்கள் நம் பஞ்சாலைக்காரர்கள். காத்தாடி கேத்தனூரில், மில் கோவை அவிநாசி ரோட்டில். நடுவே மின்வாரியக் கம்பி சுமந்துகொண்டுபோய்க் கொடுப்பதற்கு வீலிங் என்று பெயர். ஆனியில் மிஞ்சியதை மாசியில் எடுத்துக்கொள்வதற்குப் பேங்கிங் என்று பெயர்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பேங்கிங்கில் சேர்வது யூனிட் கணக்கு. அதில் மின்சாரம் சேர்த்து வைக்கப்படுவதில்லை. உண்டாகிற நொடியிலேயே யாராவது செலவழித்தாக வேண்டும். ஆனி ராத்திரியில் காற்று வீசும், ஊர் தூங்கும். அப்போது காத்தாடியை நிறுத்தச் சொல்கிறார்கள்; டெக்னீஷியன் சொன்ன பேக்டவுன் அதுதான். மின்சாரம் உண்டாக்கும் கலையை நாம் படித்துவிட்டோம். தேவைப்படும் நேரம் வரை அதைக் காத்து வைக்கும் கலையை இன்னும் சரியாகப் படிக்கவில்லை. இந்தத் துறையில் அடுத்த தலைமுறைக்கான படிப்பு அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கான பள்ளிக்கூடம் நம் மலையிலேயே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை. மலையைக் குடைந்து உள்ளே வைத்த நிலையம். 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்றுத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தட்டுப்பாடு வரும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நாலு யூனிட் போட்டு ஏற்றினால் மூன்று யூனிட் போலத் திரும்ப வரும். ஒரு யூனிட் போகிறதே என்று வருத்தப்படலாம். நிற்கிற காத்தாடியிலிருந்து அந்த மூன்றும் வராது. தண்ணீரை மேலே ஏற்றும் வேலையைக் கோயமுத்தூர்க்காரனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நாட்டின் பாதிக் கிணறுகளுக்கு நாம் மோட்டார் செய்து அனுப்பியவர்கள். 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததால்தான் நம் மில்களே பெருகின.

படிக்க இடமும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. தேங்காய்த் தொட்டியிலிருந்து வாயு எடுப்பது, சாண எரிவாயு, சூரிய உலர்த்தி என்று உழவனின் களத்தை ஒட்டிய வேலை அங்கே நடக்கிறது. ஆனால் கலந்தாய்வுக்கு வரும் பெற்றோர் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால்தான் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்களுக்கு வேலைதான் முதல் கேள்வி. காத்தாடிக்குக் கீழே நிற்காமலேயே பட்டம் கொடுக்கும் பாடத்திட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

இந்தக் கோபம் புதியதல்ல. 1945இல் கோவையில் அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது அதற்கு வாரிக் கொடுத்தவரும் முதல் முதல்வரும் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு. நான்கு ஆண்டு எதற்கு, பட்டறையில் கற்றால் சீக்கிரம் முடியுமே என்று வாதாடி, ஒத்துவராமல் விலகினார். கல்லூரி வேறிடம் போய் இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது; ஹோப் காலேஜ் என்ற பெயர் பஸ் நிறுத்தத்தில் மிஞ்சியிருக்கிறது.

நாயுடு கேட்ட பட்டறைப் படிப்பு உங்கள் மண்ணில் ஏற்கெனவே நடந்த காரியம். ஆஸ்கோவ் கிராமத்தில் போல் லா கூர் என்ற ஆசிரியர் 1891இல் காத்தாடி வைத்து மின்சாரம் எடுத்தார். எடுத்ததைச் சேமிக்க, அதைக்கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்கிப் பள்ளிக்கு விளக்கு ஏற்றினார். பார்த்தீர்களா, கேத்தனூர்ப் பெரியவரின் கேள்வி அவருக்கு அன்றே எழுந்திருக்கிறது! கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி மின்சார வேலை பழக்கினார். அப்படிப் படித்த யோஹன்னஸ் யூல் 1957இல் கெட்ஸரில் நிறுத்திய 200 கிலோவாட் காத்தாடிதான் பின்னால் வந்த டேனிஷ் காத்தாடிகளுக்கு முன்மாதிரி. கேத்தனூருக்கு வந்த மூன்று இறக்கைக்கு அது பாட்டன் முறை.

அதனால் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். இந்த அவையில் காற்றாலை, மின்தொகுப்பு, பேட்டரி வேலைகளில் இருப்பவர்கள் கை தூக்கினால் நிறையப் பேர் தேறுவார்கள். உதவித்தொகை கொடுத்தால் மகிழ்ச்சி. அதைவிட, நீங்கள் ஒவ்வொருவரும் கொங்கு நாட்டுக் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவர் இருவரை ஓர் ஆண்டு வழிநடத்த எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மணி நேரம் பேசுங்கள். பழைய சிறு காத்தாடியைக் கழற்றிப் பெரிது வைக்க 2024இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்துவிட்டது. கழற்றிய இறக்கையை என்ன செய்வது, அதே கம்பி புதிய சுமையைத் தாங்குமா, மிஞ்சியதை எங்கே வைப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்குக் கேள்வி ஏராளம். நீங்கள் அதை வேலையிடத்தில் கண்டவர்கள்.

ஊருக்கு வருகிறவர்கள் மார்கழிக் கச்சேரிக்கும் தைப் பொங்கலுக்கும் வருகிறீர்கள். அடுத்த முறை ஒருவராவது ஆனியில் வாங்க. பீளமேட்டில் விமானம் இறங்கினால் கேத்தனூருக்கு ஒரு மணி நேரம். நான் வண்டியோடு நிற்கிறேன். அந்தப் பெரியவர் இன்னும் அதே காட்டில்தான் ஆடு மேய்க்கிறார். இந்தத் தடவை அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.