தயாராக வேண்டியவர் யார்?

எம்.சி. ராஜா நினைவுச் சொற்பொழிவு, நாயுடுபுரம், கொடைக்கானல்



எம்.சி. ராஜாவை நாம் பெரும்பாலும் அரசியல் தலைவராகவே நினைவுகூர்கிறோம். 1920-இல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர்; 1922-இல் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர். ஆனால் அவர் அடிப்படையில் பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். அவர் நினைவில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தம். இன்று எங்கும் கேட்கும் பேச்சு, பள்ளியும் வேலை தருபவர்களும் கைகோத்துப் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்ய வேண்டும் என்பது. நல்ல பேச்சுதான். ஆனால் எந்த வேலைக்கு?

எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் மூன்று பிள்ளைகளை ஒரு கோடையில் இங்குள்ள தங்கும் விடுதி ஒன்று பதினைந்து நாள் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. மூவரும் பன்னிரண்டாம் வகுப்பு. முதல் நாள் மேலாளர் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தெரு?” பதில் கிடைத்த பிறகு ஒரு பிள்ளை வரவேற்பு மேசைக்குப் போனது. எங்கள் தெருப் பிள்ளைகள் இருவரும் அறை கூட்டவும் கழிவறை கழுவவும் போனார்கள். கடைசி நாளில் மூவருக்கும் ஒரே வாசகத்தோடு சான்றிதழ் கொடுத்தார்கள். கழிவறை கழுவிய பெண் அந்தத் தாளை எங்களிடம் நீட்டிக் கேட்டாள்: “அக்கா, எங்கம்மா இருபது வருசமா இதத்தான் செய்யுது. அதுக்கு ஏன் யாரும் சர்டிபிகேட் குடுக்கல?”

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இந்தப் பேச்சு அவளுக்கான பதில்.

அறை கூட்டுவது இழிவு என்று நாங்கள் சொல்லவில்லை. யார் கூட்டுவது என்பதைத் தெருவின் பெயர் முடிவு செய்வதுதான் இழிவு. அம்மாவின் துடைப்பத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு அதற்குத் திறன் பயிற்சி என்று பெயர் வைப்பதுதான் மோசடி.

இது புதிய கதையும் அல்ல. 1953-இல் ராஜாஜி ஆட்சி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நம் மக்கள் குலக்கல்வி என்று அழைத்தார்கள். பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் இருப்பார்கள். மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகுவார்கள். தச்சர் பிள்ளைக்கு உளி என்றால், மலம் அள்ள வைக்கப்பட்டவரின் பிள்ளைக்கு எது? தமிழ்நாடே எதிர்த்து நின்றது. அடுத்த ஆண்டு காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. திட்டம் போய்விட்டது, அந்த எண்ணம் போகவில்லை.

நம் திண்டுக்கல் மாவட்டத்து நூற்பாலைகளைப் பாருங்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களைப் பயிற்சியாளர்கள் என்று சொல்லி மூன்று ஆண்டுகள் விடுதிக்குள் வைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்றார்கள். இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறியவர்களில் பலருக்கு அந்தத் தொகை வரவில்லை. ஏழைக் குடும்பத்துப் பெண்கள், அதிலும் நம் பெண்கள் ஏராளம். தொழிலாளியாக நடத்தாமல் இருப்பதற்கு வசதியான ஒரு சொல்லாகவே அங்கே ‘பயிற்சி’ பயன்பட்டது.

இன்னொன்று நம் கண்ணெதிரே நடந்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 2001-இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் கிடந்தது. ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் சமரசத்துக்கு வர 2016 ஆனது. வேலைக்குத் தயாராவது என்பதில், கையில் தொடும் பொருள் என்ன செய்யும் என்று கேட்கத் தெரிவதும் அடக்கம். எந்தத் திறன் பயிற்சிப் பட்டியலிலாவது அந்தக் கேள்வி இருக்கிறதா?

சரி, நம் பிள்ளைகள் எல்லாத் திறனும் பெற்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவு திறக்குமா? சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி கொண்ட, பெயர் மட்டும் வேறான விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். தகுதி ஒன்றே பார்ப்போம் என்று சொன்ன அதே வாய்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பது முக்கியம் என்றும் சொல்லின. நாயுடுபுரத்தில் “எந்தத் தெரு?” என்பதற்கும் தில்லியில் “குடும்பப் பின்னணி என்ன?” என்பதற்கும் மொழிதான் வேறு.

அப்படியானால் ஒத்துழைப்பே வேண்டாமா? வேண்டும். அண்ணல் அம்பேத்கர் அதைக் கேட்டிருக்கிறார். 1942-இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான சில மாதங்களில் அவர் அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். அறிவியல், தொழில்நுட்பம் படிக்க நம் மாணவர்களுக்கு உதவித்தொகை கேட்டார். அதோடு, அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைத் தொழில் பழகுநர்களாக எடுக்கச் சொன்னார். அச்சகத்தையும் ரயில்வேயையும் அவர் தேர்ந்ததைக் கவனியுங்கள். இரண்டும் எந்தச் சாதிக்கும் பரம்பரையாகச் சொந்தமில்லாத புதிய தொழில்கள். குலக்கல்வி பிள்ளையை அப்பனின் தொழிலுக்குத் திருப்பி அனுப்பியது. அண்ணல் கேட்ட பழகுநர் பயிற்சி அந்தத் தொழிலிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவருவது. எந்தத் திட்டத்தையும் அளக்க நமக்கு இந்த ஒரு கோல் போதும்.

2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தையும் இந்தக் கோலால்தான் அளக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உயர்கல்வியையும் புதிய தொழில்களையும் காட்டுவதால் அதை வரவேற்கிறோம். ஆனால் மலையில் ஒரு பிள்ளைக்கு அது கணினியாக வந்து சேர்கிறதா, துடைப்பமாக வந்து சேர்கிறதா என்று பார்க்கும் வேலை நம்முடையது.

அதற்குச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். 2019 விதிகள் மாத உதவித்தொகையைப் படிப்புக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சமாக வகுத்தன. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தச் சட்டத்தின் 3-அ பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்று 1973-இல் சேர்க்கப்பட்டது. தனியார் நிறுவனத்தின் வாசலுக்கும் பொருந்தும் ஓர் இட ஒதுக்கீடு ஐம்பது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டுப் போயிருக்கிறோம்?

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களிடம் மூன்று சொல்கிறோம். ஒன்று, எந்த நிறுவனம் வந்தாலும் எந்தப் பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள். இரண்டு, மூன்று பேர் போனால் மூவரும் எல்லாப் பிரிவிலும் சுழற்சி முறையில் பழக வேண்டும். வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவரும் ஒரு நாள் கழிவறை கழுவட்டும், கழுவியவரும் ஒரு நாள் வரவேற்பு மேசையில் உட்காரட்டும். மூன்று, தெருவையும் குடும்பத்தையும் கேட்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக்குங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கைகுலுக்கவும் கற்றுத்தர ஆள் இருக்கிறது. அவர்களைச் சமமாக நடத்த மேலாளர்களுக்குக் கற்றுத்தர ஆள் இல்லை. முதலில் தயாராக வேண்டியவர்கள் அவர்கள்.

அந்தப் பெண் இன்று இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறாள். மகளே, உன் அம்மாவுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்த வேலை திறன் என்று ஆகிவிடும். திறன் என்றால் அதற்கு உரிய கூலி கொடுக்க வேண்டும். உனக்குக் கொடுத்தார்கள், நீ அந்த வேலையிலேயே நின்றுவிடுவாய் என்ற நம்பிக்கையில். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள். அடுத்த முறை ஒப்பந்தம் எழுதும்போது மேசை மேல் போட்டு, இது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வேறு என்ன கற்றுத்தருவீர்கள் என்று கேட்போம். நாங்களும் உன்னோடு வருகிறோம்.